குழந்தை வைத்தியப் பட்டத்திலும் வருணாசிரமமா?

சென்ற மாதம் திண்டிவனத்தில் ஒரு சுயமரியாதைத் திருமணம் முடிந்து பந்தலில் பேசிக்கொண்டிருந்த சமயம், பக்கத்துக் கிராமத்துத் தோழர் ஒருவர் தமது மகளை அழைத்து வந்து நம் எதிரில் உட்கார வைத்தார். அப்பெண் அந்தக் குடும்பத்தில் மாத்திரமல்லாமல் அந்தத் தெருவிலேயே முதன்முதலாக எம்.பி.பி.எஸ். தேறியவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷமாக வேலை பார்த்து வருகிறார். குழந்தை வைத்தியத்தில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நீட் மேற்படிப்புப் பரீக்ஷையில் வாங்கிய மார்க்குக்கு எம்.டி. இடம் எட்டவில்லை. சர்க்கார் டாக்டர்களுக்கென்று ஒதுக்கிய இடமும் இவ்வருஷம் சிறிது தூரத்தில் தவறிவிட்டது. ஆனால் டில்லியிலுள்ள தேசியப் பரீக்ஷை போர்டின் மூன்று வருஷ டி.என்.பி. இடம் ஒன்றோ, அதே போர்டின் இரண்டு வருஷ டிப்ளமா இடம் ஒன்றோ கிடைக்கும் நிலையில் இருக்கிறது.

இதற்கு உறவினர்கள் சொன்ன யோசனைகளைக் கேளுங்கள். “டி.என்.பி. என்றால் நம் ஊரில் எவனுக்குத் தெரியும்? டிப்ளமா என்றால் பாலிடெக்னிக் படிப்பு என்றல்லவா நினைப்பான்? எம்.டி. என்று பலகையில் போட்டால்தான் மரியாதை. ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து மறுபடியும் எழுதட்டும்” என்றார் சித்தப்பா. “அந்த ஒரு வருஷத்தில் கலியாணத்தையும் முடித்துவிடலாம், எம்.டி. மாப்பிள்ளை ஒன்று இருக்கிறது” என்றார் தாய்மாமன். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அப்பெண், “மாமா, எந்த வழியில் போனால் நான் நல்ல குழந்தை டாக்டர் ஆவேன்? அதைச் சொல்லுங்கள்” என்று கேட்டார். அவ்வளவு பேர் பேசியதில் குழந்தையைப் பற்றி நினைத்தது அவர் ஒருவர்தான்.

நாம் டாக்டரல்ல. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவருமல்ல. என்றாலும் இது டாக்டர்கள் மாத்திரம் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயமல்ல. நடுராத்திரியில் வலிப்பு வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம். ஆகவே சட்டத்தைப் படித்தும், தெரிந்த டாக்டர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கு பொதுஜனங்களின் முன் வைக்கின்றோம்.

முதலில் வழிகள் என்னவென்று பார்ப்போம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் குழந்தை வைத்திய நிபுணராவதற்கு நம் நாட்டில் மூன்று பாதைகள் முக்கியமாக உள்ளன. ஒன்று, பல்கலைக்கழகம் கொடுக்கும் எம்.டி.; மூன்று வருஷம். இரண்டு, தேசியப் பரீக்ஷை போர்டு கொடுக்கும் டி.என்.பி.; இதுவும் மூன்று வருஷம். மூன்று, டிப்ளமா, அதாவது டி.சி.எச்.; இரண்டு வருஷம். டிப்ளமா முடித்தவர் தனியாக ஒரு நுழைவுப் பரீக்ஷை எழுதி இடம் பெற்றால், மேற்கொண்டு இரண்டு வருஷம் படித்து டி.என்.பி. ஆகலாம். புதுச்சேரி ஜிப்மர், டில்லி எய்ம்ஸ் போன்ற தேசிய ஸ்தாபனங்களின் எம்.டி. இடத்துக்குத் தனிப் பரீக்ஷை உண்டு. மற்றபடி எம்.டி.க்கும், டி.என்.பி.க்கும், போர்டு டிப்ளமாவுக்கும் இப்போது ஒரே நீட் மேற்படிப்புப் பரீக்ஷைதான் வாசல்.

இப்படி ஒரே வாசலில் நுழைந்து, ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்த்து, ஒரே புத்தகங்களைப் படித்து வெளியே வருகிறவர்களை நம்மவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? எம்.டி. என்பவர் பிறவி உயர்ந்தவர். டி.என்.பி. என்பவர் அடுத்த படி. டிப்ளமாக்காரர் கீழ்ப்படி, அவர் எத்தனை ஆயிரம் குழந்தைகளைப் பிழைக்க வைத்தாலும் “வெறும் டி.சி.எச்.தானே” என்ற சொல் அவரை விட்டுப் போகிறதில்லை. எம்.பி.பி.எஸ். மாத்திரம் படித்துக் கிராமத்தில் இருபது வருஷம் இருந்தவரையோ கேட்கவே வேண்டியதில்லை, அவர் பஞ்சமர். தலையிலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று சொன்ன புரட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பூணூலைப் பார்த்தார்கள், இங்கே பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்க்கிறார்கள். மனிதன் என்ன வேலை செய்கிறான் என்பதை இரண்டு இடத்திலும் பார்ப்பதில்லை.

இந்த வியாதி இன்றைக்கு வந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் எல்.எம்.பி. என்ற டாக்டர்கள் இருந்தார்கள். மருத்துவப் பள்ளிக்கூடங்களில் படித்துத் தேறியவர்கள் அவர்கள். சென்னை ராயபுரத்திலிருந்த அப்படிப்பட்ட பள்ளிதான் 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக ஆயிற்று. சிற்றூர்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த கைகளில் பெரும் பங்கு அவர்களுடையது. ஆனால் 1933-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தபோது அகில இந்திய ஜாபிதாவில் அவர்களுக்கு இடமில்லை என்று ஒதுக்கப்பட்டது. பிறகு 1946-ல் போர் கமிட்டி, இனி ஒரே தரத்து டாக்டர்தான் இருக்க வேண்டும் என்று சிபார்சு செய்தது. ஒரே தரம் என்பது கேட்க நல்ல வார்த்தைதான், நாமும் விரும்புவதுதான். ஆனால் கீழ்ப்படியை எடுத்துவிட்டால் அங்கு நின்றவர்களைப் பார்த்துக்கொள்ள மேல்படிக்காரர் இறங்கி வருவாரா என்பதை யார் கவனித்தார்கள்? பட்டணத்தில் டாக்டர் பெருகினார். கிராமம் எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது.

அதே வேடிக்கை நம் கண்முன் மறுபடியும் நடந்தது. மருத்துவக் கல்லூரிகளில் வாத்தியார்கள் போதவில்லை, டிப்ளமாக்காரர் வாத்தியாராக முடியாது என்ற காரணத்தைச் சொல்லி, 2018, 2019 வருஷங்களில் டிப்ளமா இடங்களையெல்லாம் பட்ட இடங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். தமிழ்நாட்டிலும் அப்படியே மாற்றப்பட்டன. டி.சி.எச். ஒழிந்தது, எல்லோரும் எம்.டி. என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 2020 ஆகஸ்டில், ஜில்லா ஆஸ்பத்திரிகளில் நிபுணர்கள் போதவில்லை என்று சொல்லி, தேசியப் பரீக்ஷை போர்டு எட்டுப் பிரிவுகளில் இரண்டு வருஷ டிப்ளமாவை ஆரம்பித்தது. அதில் குழந்தை வைத்தியமும் ஒன்று. முன்வாசலில் தள்ளியதைப் பின்வாசலில் அழைத்துக்கொண்டார்கள். அப்படியானால் கெட்டது என்று தள்ளினார்களா, தேவை என்று அழைத்தார்களா? தேவை என்றால் அதைப் படித்து வருகிறவரை ஏன் தாழ்வாகப் பார்க்க வேண்டும்?

பம்பாயில் 1912-ல் ஏற்பட்ட ஒரு டாக்டர்கள் கல்லூரியின் டிப்ளமாக்கள் கதை இன்னும் விசித்திரம். 2017-ல் மத்திய சர்க்கார் அவற்றில் பலவற்றை அங்கீகரித்ததாக கெஜட்டில் போட்டது. சில மாதங்களுக்குள் பெரும்பாலானவற்றின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திங்கட்கிழமை நிபுணராயிருந்தவர் செவ்வாய்க்கிழமை நிபுணரல்ல என்றால், அவர் கையிலிருந்த வித்தை ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று? ஆகவே பட்டத்தின் உயர்வும் தாழ்வும் பெரும்பாலும் காகிதத்தின் கதையே. இதில் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. எந்த இடத்தில் சேருவதானாலும் அந்தப் படிப்பு அன்றைய தேதியில் சட்டப்படி அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை ஏஜெண்டு வாயால் கேட்காமல் தேசிய மருத்துவக் கமிஷனின் ஜாபிதாவையும் போர்டின் ஜாபிதாவையும் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நிற்க, டி.என்.பி. மட்டமானது என்று சொல்லுகிறவர்களுக்கு சட்டமே பதில் சொல்லுகிறது. இந்தப் போர்டு 1975-ல் தேசிய மருத்துவ விஞ்ஞான அகாடமியின் கீழ் ஏற்பட்டு, 1982-ல் தனி ஸ்தாபனமானது. 2019-ம் வருஷத்து தேசிய மருத்துவக் கமிஷன் சட்டத்தின் 37-வது பிரிவு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ 500 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியிலோ பெற்ற டி.என்.பி. எல்லா வகையிலும் எம்.டி.க்குச் சமம் என்கிறது. அதற்குச் சிறிய ஆஸ்பத்திரியில் பெற்றவர், கல்லூரியில் வாத்தியாராக வேண்டுமானால் மட்டும், மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷம் சீனியர் ரெசிடெண்டாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். வைத்தியம் பார்ப்பதற்கு எந்தத் தாழ்வும் சட்டத்தில் கிடையாது. சட்டத்தில் இல்லாத தாழ்வு கலியாணத் தரகன் வாயில் எப்படி வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பரீக்ஷை விஷயமும் அப்படியே. எம்.டி. பரீக்ஷையில் நான்கு பரீக்ஷகர்களில் இருவர் வெளியார். மற்ற இருவர் பெரும்பாலும் மாணவர் மூன்று வருஷமாகப் பழகிய சொந்த வாத்தியார்கள். டி.என்.பி.யிலோ கேள்வித்தாள் நாடு முழுவதுக்கும் ஒன்று. எழுத்துப் பரீக்ஷையில் தேறினால்தான் நோயாளியை வைத்து நடத்தும் பரீக்ஷைக்கு உட்காரலாம். அதுவும் பொதுவாகத் தன்னைத் தெரியாதவர் முன்பு. இதனால் டி.என்.பி.யில் தவறுகிறவர் அதிகம் என்பது டாக்டர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. சொந்த வாத்தியாரிடம் தேறினவன் உயர்ந்தவன், முகந்தெரியாதவரிடம் தேறினவன் தாழ்ந்தவன் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி “தகுதி திறமை” என்று மேளம் கொட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்கின்றோம். நம்மவர் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைக்கும் போதெல்லாம் இந்த மேளம் கேட்கும். 1951-ல் இந்த மாகாணத்து வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றிய வழக்கில்தான். அதன் பேரில்தான் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. அன்று முதல், இடஒதுக்கீடு கொடுத்தால் தகுதி போய்விடும், நோயாளி செத்துவிடுவான் என்று பயமுறுத்தி வந்தார்கள். சரி, 2023 செப்டம்பரில் என்ன நடந்தது? மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதற்காக நீட் மேற்படிப்புக்கான தகுதி வரம்பு எல்லா வகுப்பாருக்கும் பூஜ்ய சதமானமாகக் குறைக்கப்பட்டது. அதாவது, பரீக்ஷை எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம். வருஷத்துக்குப் பல லட்சம் கட்ட முடிந்தவனுக்குத் தனியார் கல்லூரி இடம் திறந்துவிட்டது. அன்று இந்தத் தகுதி மேளக்காரர் எங்கே போயிருந்தார்? ஏழை வீட்டுப் பிள்ளை வந்தால் தகுதி குறைகிறது, பணமூட்டை வந்தால் தகுதி குறைவதில்லை போலும்!

இதைக் கேட்டு சிலர், “அப்படியானால் பட்டமே வேண்டாம், எவனும் வைத்தியம் பார்க்கலாம் என்கிறாயா?” என்று நம்மைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு நாளும் சொல்லமாட்டோம். நமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் நம் பக்கத்து வீட்டில் பத்து மாதக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வீட்டு ஆயா, “தொக்கம் விழுந்திருக்கிறது” என்று சொல்லித் தொக்கம் எடுக்கிறவனிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவன் குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, தன் வாயில் முன்னாலேயே அடக்கி வைத்திருந்த வேர்க்கடலைத் தோலைத் துப்பிக் காட்டி, “இதோ பார், வந்துவிட்டது” என்று தட்சணை வாங்கிக்கொண்டான். சாயந்திரம் குழந்தையின் கண் குழிந்து, கழுத்து நிற்காமல் துவண்டுவிட்டது. செய்தி கேட்டு நாம் வற்புறுத்திப் பக்கத்திலிருந்த குழந்தை டாக்டரிடம் தூக்கிப் போனோம். போகும் வழியிலும் ஒரு உறவினர், “இவர் வெறும் டிப்ளமாவாம், எம்.டி. இருக்கிற இடத்துக்கே போய்விடலாம்” என்றார். அது இன்னும் ஒரு மணி நேரப் பிரயாணம்!

அந்த டிப்ளமா டாக்டர் என்ன செய்தார்? முதலில் குழந்தையை எடை போட்டார். எட்டு கிலோ. உடனே நரம்பில் ஊசியேற்றினார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படி நீர் வற்றிவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் கிலோவுக்கு 70 மில்லி கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. எட்டு கிலோவுக்கு முதலில் 240, பிறகு 560. குறைந்தாலும் ஆபத்து, அளவு தெரியாமல் கூடினாலும் ஆபத்து. அந்தக் கணக்கு அவர் விரல் நுனியில் இருந்தது. மூன்றாம் மணி நேரத்தில் குழந்தை கண் திறந்து அழுதது. அப்பிள்ளை இப்போது ஏழாவது படிக்கிறான். எம்.டி. புத்தகத்தில் எட்டு கிலோவுக்கு ஒரு கணக்கும், டிப்ளமா புத்தகத்தில் வேறு கணக்குமா எழுதியிருக்கிறது?

இந்தச் சம்பவத்தில் மூன்று பேரைப் பாருங்கள். தொக்கக்காரன் எந்தப் போர்டில், எந்தப் பரீக்ஷகர் முன் தேறினான் என்று ஆயாவும் கேட்கவில்லை, அந்த உறவினரும் கேட்கவில்லை. அவனுக்குத் தகுதி பரம்பரை! ஆனால் இரண்டு வருஷம் ராப்பகலாக வார்டில் நின்று, பரீக்ஷை எழுதித் தேறிய டாக்டரை மாத்திரம் “எம்.டி.யா?” என்று கேட்கிறார்கள். மூடனிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் படித்தவனிடமும், படித்தவனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை மூடனிடமும் வைப்பதுதான் நம் நாட்டு வழக்கம். பயிற்சியும் பரீக்ஷையும் அவசியம் என்பதே நம் கட்சி. குழந்தை என்பது பெரிய மனிதனைக் குறுக்கி வைத்த உருவமல்ல. மூன்று கிலோ சிசுவுக்கும் பத்து கிலோ குழந்தைக்கும் மருந்தளவு வேறு, மூச்செண்ணிக்கை வேறு, நோயே வேறு. ஆகவேதான் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்கிறோம். அந்தப் பயிற்சி நிஜமாக நடந்ததா என்பதைப் பார்க்காமல் எழுத்துக்கு ஆராதனை செய்வது, சிலையைக் கழுவிவிட்டுப் பசித்தவனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

எழுத்தைப் பார்க்காவிட்டால் எதைப் பார்ப்பது என்றால், சேருவதற்கு முன் நேரில் போய்ச் சில கேள்விகள் கேட்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு எத்தனை பிரசவம்? குறைமாதச் சிசுக்களை வைத்துப் பார்க்கும் பிரிவு உண்டா, அதில் கற்றுக்கொள்ளுகிறவர் கையால் வேலை செய்ய விடுகிறார்களா? ராத்திரி ஒரு மணிக்குச் சந்தேகம் வந்தால் மூத்த டாக்டர் வந்து நிற்பாரா, போனில் “பார்த்துக்கொள்” என்பாரா? முன்னால் படித்தவர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள்? படிப்பதற்கு வாரத்தில் நேரம் விடுகிறார்களா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் எந்த எழுத்தானாலும் சேரலாம். கிடைக்காவிட்டால் எம்.டி.யானாலும் யோசிக்க வேண்டும். வார்டில் நோயாளியே இல்லாமல் கட்டடம் மாத்திரம் கட்டி வைத்திருக்கும் கல்லூரியில் வாங்கிய எம்.டி., வருஷம் முழுவதும் குழந்தைகள் நிரம்பி வழியும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வாங்கிய டிப்ளமாவைவிட எப்படி உயர்ந்ததாகும்?

டி.என்.பி. பக்கத்திலும் புரட்டு இல்லாமலில்லை. தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகள் சிலர், குறைந்த சம்பளத்தில் ராத்திரி டூட்டி பார்க்க ஆள் கிடைத்தது என்றே இந்த இடங்களை வாங்குகிறார்கள். பணக்கார நோயாளியின் குழந்தையை மாணவர் தொடக்கூடாது என்று தடுக்கவும் செய்கிறார்கள். தொடாமல் கற்பது எப்படி? டிப்ளமாவுக்கும் எல்லை உண்டு. அதை மாத்திரம் வைத்துக்கொண்டு சிசு வைத்தியம், இருதய வைத்தியம் போன்ற உயர்நிலைப் படிப்புக்குப் போக முடியாது, மேற்கொண்டு டி.என்.பி. முடித்தாக வேண்டும். இவைகளை மறைத்து யோசனை சொல்லுவது யோக்கியமாகாது.

இந்தப் போர்டுச் சண்டை நம் நாட்டில் மாத்திரம் நடப்பதல்ல. அமெரிக்காவில் குழந்தை வைத்தியர்களுக்கான போர்டு 1933-லேயே ஏற்பட்டது. ஒரு தடவை தேறினால் போதாது, அடிக்கடி பணம் கட்டிப் பரீக்ஷையும் பயிற்சியும் செய்து காட்டினால்தான் சான்று நிற்கும் என்று அங்குள்ள போர்டுகள் பிற்காலத்தில் விதி செய்தன. இது பணம் பறிக்கும் வேலை என்று டாக்டர்கள் கிளர்ச்சி செய்து, 2015-ல் மாற்றுப் போர்டு ஒன்றை நிறுவினார்கள். ஆனால் அந்த மாற்றுப் போர்டும், முதலில் பழைய போர்டில் ஒரு முறையேனும் தேறாதவரை ஏற்றுக்கொள்ளுவதில்லை. பரீக்ஷையே வேண்டாமென்று கிளர்ச்சிக்காரரும் சொல்லவில்லை. பரீக்ஷை வைக்கிறவனை யார் கேட்பது என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் கேட்க வேண்டும். சாமி பெயரைச் சொன்னாலும் போர்டு பெயரைச் சொன்னாலும் கணக்குக் காட்டாதவனை நம்பக்கூடாது.

இனி சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது. விழுப்புரத்துக்கென்று முண்டியம்பாக்கத்தில் 2010-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. நல்ல காரியம். கிழக்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. வடக்கே சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஆனால் மரக்காணம் உப்பளத்திலும் மயிலம் கல்லுடைக்கிற இடத்திலும் வேலை செய்கிறவளுக்கு, ராத்திரி குழந்தைக்கு மூச்சு இழுத்தால் எட்டக்கூடியது திண்டிவனம்தான். அங்கே குழந்தை டாக்டர் எந்நேரமும் இருக்க வேண்டுமானால், அங்கேயே படிப்பு நடக்க வேண்டும். படிக்கிறவர் இருக்கும் ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் டாக்டர் இருப்பார்; கற்பிக்க வேண்டியிருப்பதால் மூத்தவரும் இருந்தாக வேண்டும்; கருவியும் வந்தாக வேண்டும். எம்.டி. மாணவர்களை மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. மூன்று மாதம் விருந்தாளியாக வருகிறவரைவிட மூன்று வருஷம் குடியிருந்து படிக்கிறவர் மேலல்லவா? போர்டு விதிப்படி மருத்துவக் கல்லூரி இல்லாத ஆஸ்பத்திரியிலும் டி.என்.பி.யும் டிப்ளமாவும் நடத்தலாம். டிப்ளமாவுக்கு 100 படுக்கை போதும். திண்டிவனம் போன்ற ஊர்களிலெல்லாம் இவற்றை ஆரம்பிப்பதற்கு என்ன தடை?

அந்த இடங்களில் முதல் உரிமை கிராமத்தில் உழைத்த சர்க்கார் டாக்டருக்கு இருக்க வேண்டும். மேற்படிப்பில் பாதி இடத்தை சர்க்கார் டாக்டர்களுக்கு ஒதுக்கி வந்தது இந்த ராஜ்யத்தின் வழக்கம். 2017-ல் அது விதிக்கு விரோதம் என்று நிறுத்தப்பட்டது. 2020 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், இப்படி ஒதுக்க ராஜ்யங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, வசிப்பிடத்தை வைத்து மட்டும் மேற்படிப்பு இடம் ஒதுக்கக்கூடாது என்று கூறிவிட்டது. ஆகவே இந்த மண்ணில் தங்கி வைத்தியம் பார்ப்பவரைப் படிக்க வைப்பதற்கு சர்வீஸ் ஒதுக்கீடு முன்னைவிட அவசியமாகிறது. எங்கிருந்தோ வந்து படித்துவிட்டு எங்கோ போகிறவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பணத்தில், நம் குழந்தைகளைத் தொட்டுக் கற்றவர்களில் ஒரு பகுதியாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?

அப்பெண்ணுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: “அம்மா, விரல் விட்டு எண்ணிப் பார். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற எம்.டி.க்கு மூன்று வருஷம் சேர்த்தால் நான்கு வருஷம். டிப்ளமா இரண்டு, மேற்கொண்டு டி.என்.பி. இரண்டு, அதுவும் நான்குதான், அங்கும் இன்னொரு நுழைவுப் பரீக்ஷை உண்டு. இப்போதே டி.என்.பி.யில் சேர்ந்தால் மூன்று. ஆகவே இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நீயே போய் வார்டைப் பார். குழந்தைகள் நிறைய வருகிற, மூத்தவர் பக்கத்தில் நின்று கற்பிக்கிற டி.என்.பி. இடமானால் தயங்காமல் சேர். அது ஏமாற்று இடமாகவும், டிப்ளமா இடம் நல்லதாகவும் இருந்தால் டிப்ளமாவில் சேர். பலகை எழுதுகிறவனுக்காகவும் மாப்பிள்ளை வீட்டாருக்காகவும் ஒரு நாளும் காத்திராதே. கலியாணம் உன் இஷ்டம். படிப்பும் உன் இஷ்டம்.” அப்பெண் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் போய்ப் பார்த்துவிட்டு, டி.என்.பி. இடத்தையே எடுத்துக்கொண்டதாகச் சென்ற வாரம் தோழர் தெரிவித்தார். தாய்மாமன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பேசாவிட்டால் பாதகமில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை டாக்டர் வீட்டுப் பலகையைப் பார்க்கும்போது அதிலுள்ள எழுத்துகள் சட்டப்படி செல்லுமா என்று விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. அதன் பிறகு, அவர் குழந்தையை எடை போடுகிறாரா, தொட்டுப் பார்க்கிறாரா, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லுகிறாரா, தம்மால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் அனுப்புகிறாரா என்பதைக் கவனியுங்கள். தொக்கக்காரனிடமும் மந்திரிக்கிறவனிடமும் கேட்காத கேள்வியை முதலில் அவர்களிடம் கேளுங்கள். எழுத்தை வணங்குகிற பழக்கமும் தாயத்தை வணங்குகிற பழக்கமும் ஒரே மூளையிலிருந்துதான் கிளம்புகின்றன. அவ்விரண்டும் ஒழிந்து, திண்டிவனத்திலேயே குழந்தை டாக்டரைப் படிக்கவை என்று சர்க்காரைக் கேட்கும் கூட்டம் நம் ஊர்களில் எப்போது கூடுகிறதோ, அப்போதுதான் ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு வழி பிறக்கும். அந்தக் கூட்டத்தை யார் கூட்டுவது என்று காத்திராமல், தோழர்கள் அவரவர் ஊரில் ஆரம்பிக்க வேண்டுகிறோம்.